எங்கே இழுப்பது

"தம்பி, என் இங்கிலீஷுக்கு என்ன குறை?" என்று கேட்டாள் மெட்டில்டா.

செலஸ்டின் அவித்த பனங்கிழங்கின் தும்பை உரித்துக்கொண்டிருந்தான். கடைசித் தும்பும் போன பிறகுதான் நிமிர்ந்தான்.

"குறைன்னு யாரு சொன்னா?"

"கப்பல் சொல்லுது."

"உக்காருங்க அக்கா."

அவள் உட்காரவில்லை. கோபத்தில் வந்தவர்கள் உட்கார மாட்டார்கள்.

அந்தக் கடலோர ஊரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே ஒரு ரேடியோ, ஒரு மைக், ஒரு திரை. ஊரார் அதைப் பேசுற அறை என்பார்கள். தூரத்தில் போகும் பெரிய கப்பல்கள் அந்தத் திரையில் அம்புக்குறிகளாக ஊர்ந்து போகும். ஏதாவது ஓர் அம்பு நம் படகுகள் வலை விட்டிருக்கும் பக்கம் திரும்பினால், மைக்கை எடுத்து இங்கிலீஷில் விலகிப் போகச் சொல்ல வேண்டும். அதுதான் மெட்டில்டாவின் வேலை.

கப்பலின் உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அலையும் படகும் ஒன்றுதான். யாராவது சொன்னால்தான் உண்டு.

மெட்டில்டா நன்றாகப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிப்பது அவள்தான். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். தேவனுடைய வார்த்தையில் ஓர் எழுத்தையும் விழுங்கக் கூடாது என்று சின்ன வயதில் சாமியார் சொல்லிக்கொடுத்தது. அவள் விழுங்கியதே இல்லை. இங்கிலீஷிலும் விழுங்கவில்லை.

முந்தாநாள் ஓர் அம்பு திரும்பியது. அவள் மைக்கை எடுத்துத் தெளிவாகச் சொன்னாள்.

"சே அகெய்ன்," என்றது கப்பல். திரும்பச் சொல்.

இன்னும் நிதானமாக, இன்னும் தெளிவாக, எழுத்து எழுத்தாக வைத்துச் சொன்னாள்.

"சே அகெய்ன்."

அவள் சொல்லச் சொல்ல, கப்பல் கேட்கக் கேட்க, நேரம் போய்விட்டது. கப்பல் வலையின் மேலேயே ஏறிப் போனது. வலைக்குரிய படகு ஓரடி விலகித் தப்பியது. படகில் இருந்தவன் ரொசாரியோ. மெட்டில்டாவின் புருஷன்.

வீட்டுக்கு வந்தவன் கை கழுவிக்கொண்டே ஒன்றுதான் சொன்னான்: "அடுத்த வாட்டி வலை மட்டும் போவாதுட்டி."

இதையெல்லாம் செலஸ்டினிடம் சொல்லி முடித்தாள். அவனுக்கும் அவளுக்கும் பதினைந்து வயதாவது வித்தியாசம் இருக்கும். சின்னப் பையனாக மூக்கொழுக அவள் வீட்டு வாசலில் கோலி விளையாடியவன். இப்போது சரக்குக் கப்பலில் அதிகாரி. விடுமுறையில் வந்திருக்கிறான். கப்பலின் உச்சியில் நின்று கடலோரக் குரல்களைக் கேட்பவன் ஊரில் அவன் ஒருவன்தான். அதனால்தான் வந்தாள்.

"பேசாம நீங்களே மைக்கைப் பிடிச்சிருங்க தம்பி. எனக்கு வேண்டாம் இந்தப் பாவம்."

"மாசக் கடைசியில நான் போயிருவேன். அப்புறம்?"

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. இனி எல்லாப் படகுகளும் கப்பல் போகும் வழியில்தான் நிற்கும்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றான்.

"என்ன வார்த்தை?"

"கப்பல்ல புழங்குற வார்த்தை."

மெட்டில்டா தொண்டையைச் செருமினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"நே. வி. கே. ஷன்."

"நாலு பேரு வந்திருக்காங்க."

"ஆமா. நாலு எழுத்து."

"நாலு பேரு கழுத்துலயும் மாலை கிடக்கு. இதுல யாரு அக்கா மாப்பிள்ளை?"

அவள் காத்திருந்தாள். அவன் ஒரு பனங்கிழங்கை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினான்.

அவ்வளவுதான்.

"இங்கிலீஷ் கேக்கப் போன இடத்துல கிழங்கு குடுத்தானா?" என்றான் ரொசாரியோ, வீட்டில் கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டே. "நல்ல வாத்தியாரு. நாளைக்குச் சட்டியோட போ."

*

மெட்டில்டா ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தாள்.

கப்பல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். எத்தனையோ நாட்டுக் குரல்கள். இத்தனை நாளும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டவள், அன்றைக்கு என்ன சொன்னால் என்ன என்று விட்டுவிட்டாள். மாலையை மட்டும் தேடினாள்: ஒரு சொல்லுக்குள் குரல் எந்த எழுத்தில் ஊன்றுகிறது என்று.

நான்கு பேர் வரும் இடத்தில் ஒருவன்தான் நிமிர்ந்து வந்தான். மற்றவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக வந்தார்கள்.

மறுநாள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"தம்பி, மூணாவது ஆளு. நேவிகே...ஷன்." 'கே'யில் குரலை ஊன்றிக் காட்டினாள்.

செலஸ்டின் தலையை ஆட்டினான்.

"நேவிகேட்?" என்று கேட்டான். கப்பலை வழிநடத்து என்ற சொல். வழிநடத்துதல் ஆகும்போதுதான் அது நேவிகேஷன்.

"இதுலயும் 'கே'தான். வீட்டுக்கு வீடு மாப்பிள்ளை மாறுவானா?"

"இதுல முதல் ஆளு."

"நீங்கதானே இப்ப 'கே'ன்னு தலையை ஆட்டினீங்க?"

"அது வேற கல்யாணம்."

மெட்டில்டாவுக்கு முகம் சிவந்தது. "உனக்கு விடுமுறை. பொழுது போகணும். எனக்குப் புருஷன் கடல்ல நிக்கான். விளையாட இது நேரம் இல்ல தம்பி."

'நீங்க' என்று பேச ஆரம்பித்தவள் 'உனக்கு' என்று வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். செலஸ்டின் எழுந்து சட்டையை மாட்டினான்.

"வாங்க."

*

கரையில் ஸ்தனிஸ்லாஸின் கட்டுமரம் கிடந்தது. ஊரில் எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்கள். அவர் மாறவில்லை. அவரைக் கேட்காமலேயே செலஸ்டின் அதன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"ஏலே," என்று தூரத்திலிருந்தே குரல் வந்தது. "இரும்புக் கப்பல் ஓட்டுறவனுக்கு என் மரத்துல என்ன வேல?"

"கட்டித் தந்திருவேன் மாமா."

"உன் அப்பன் கட்டின கட்டே கடல்ல அவிழ்ந்தது. நீ கட்டப்போறியா?"

கயிறு அவிழ்ந்ததும் மரங்கள் ஒன்றையொன்று விட்டு உருண்டு மணலில் தனித்தனியாகக் கிடந்தன. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் இது புதிய காட்சி அல்ல. கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். கரைக்கு வந்தால் அவிழ்த்துக் காயப் போடுவார்கள்.

"இது ஒண்ணுமட்டும் மிதந்தா எங்க உக்காருவீங்க?" நடு மரத்தைக் காட்டி மெட்டில்டாவிடம் கேட்டான்.

"நடுவுல."

"பின்னால இன்னொரு கட்டையைச் சேர்த்துக் கட்டினா?"

"கொஞ்சம் தள்ளி உக்காரணும். இல்லாட்டி மூக்கு தூக்கிரும்."

"எவ்வளவு தள்ளி?"

"அது சேர்த்த கட்டையைப் பொறுத்து."

செலஸ்டின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

மெட்டில்டா மரங்களைப் பார்த்தாள். குனிந்து ஒரு மரத்தைத் தொட்டாள். உதடு அசைந்தது.

நேவிகேட். ஒரு மரம். அதன் பின்னால் 'ஷன்' என்று ஒரு கட்டை.

"நேவிகே...ஷன்," என்றாள். "பொசி...ஷன். டைரக்...ஷன்."

ஒவ்வொரு தடவையும் கனம் 'ஷனு'க்கு முந்தைய இடத்தில் போய் உட்கார்ந்தது. வேறெங்கும் உட்கார மறுத்தது.

"அட்டென்...ஷன். கொலி...ஷன்."

பிறகு முன்னால் சேர்க்கும் கட்டைகள் ஞாபகம் வந்தன. பத்திரம் என்றால் சேஃப். பத்திரம் இல்லை என்றால் அன்சேஃப். 'அன்' என்ற கட்டை அர்த்தத்தையே கவிழ்த்துப் போட்டது. ஆனாலும் கனம் 'சேஃபை' விட்டு நகரவில்லை.

"அன்...சேஃப்," என்றாள், யாருக்கோ அறிமுகம் செய்வதைப் போல.

"ஜெபமாலை சொல்லுதாளா?" என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"ஆமா மாமா."

"என் மரத்துக்கா?"

*

அடுத்து அவன் அவளை ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப் போனான்.

மீனுக்குப் போடும் ஐஸ் பாளங்களை இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது. பேசினால் பேசியவருக்கே கேட்காது. செலஸ்டின் இயந்திரத்தின் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வாசலில் நின்று அவள் சொல்ல வேண்டும். புரிந்தால் அவன் கையைத் தூக்குவான். கப்பலின் உச்சியில் காற்றும் இயந்திரமும் இப்படித்தான் இரையும் என்று மட்டும் சொன்னான்.

அவள் சொன்னாள். கை எழவில்லை.

மாப்பிள்ளையைச் சரியாகப் பிடித்து, அவன் தலையில் இன்னும் பலமாகக் குரலைப் போட்டுச் சொன்னாள். கை எழவில்லை.

கத்தினாள். ஐஸ் அள்ளுகிறவர்கள் சிரித்தார்கள். "அக்கா, கப்பலுக்குக் கேட்டிருச்சு, இவனுக்குத்தான் கேக்கல," என்றான் ஒருவன்.

தொண்டை கட்டியதும் உள்ளே போய் அவன் எதிரில் நின்றாள்.

"மாப்பிள்ளைக்கு மாலை போட்டாச்சு. மேளமும் அடிச்சாச்சு. இன்னும் என்ன?"

"மத்தவங்க கழுத்துல?"

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அதைக் கழட்டணுமா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எழுத்தை விழுங்கச் சொல்லுதியா? என்னால ஆகாது. என் வாயில இருந்து ஓர் எழுத்து அரைகுறையா வந்ததில்ல. அப்படித்தான் என்னை வளர்த்திருக்காங்க."

குரல் உடைந்திருந்தது. தொண்டை கட்டியதால் மட்டும் அல்ல.

செலஸ்டின் ஐஸ் தூளை ஒரு கை அள்ளி அவளிடம் கொடுத்தான். வாயில் போட்டுக்கொள்ளும்படி சைகை செய்தான். பிறகு கரையைப் பார்த்து நடந்தான்.

*

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடலுக்குள் அரைவட்டமாக விட்ட வலையின் கயிற்றைக் கரையில் வரிசையாக நின்று இழுப்பார்கள். தொபியாஸ் பாட்டுச் சொல்வார். மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். ஆண்கள் வேலை. பெண்கள் கூடையோடு தள்ளி நிற்பார்கள்.

"அக்கா கயிறு பிடிக்கணுமாம்," என்றான் செலஸ்டின்.

தொபியாஸ் பாட்டை நிறுத்தினார். "பொம்பள கை பட்டா மீன் வராதே."

"வராத மீனுக்கு ஒரு காரணம் வேணும்லா மாமா. பிடிக்கட்டும்."

நாலு பேர் சிரித்ததும் தொபியாஸ் வழிவிட்டார்.

மெட்டில்டா கயிற்றைப் பிடித்தாள். ஈரக் கயிறு. மணல் ஒட்டிச் சொரசொரவென்று இருந்தது. குதிகாலை மணலில் புதைத்தாள். இழுத்தாள். பாட்டு வந்தபோதும் இழுத்தாள், வராதபோதும் இழுத்தாள். ஒரு கணமும் விடவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கம் இல்லை.

கயிறு அசையவில்லை. உள்ளங்கைதான் எரிந்தது.

"யாரு அது ஊடால ஊடால இழுக்குறது?" என்றார் தொபியாஸ்.

"நான்தான்."

"தாயி, நீ ஒத்தையில இழுத்தா வலை கரைக்கு வராது. நீதான் கடலுக்குப் போவ."

வரிசை முழுக்கச் சிரிப்பு. மெட்டில்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சிரிக்கிறவர்களின் கைகளைப் பார்த்தாள்.

பாட்டு மறுபடியும் தொடங்கியது.

ஏலேலோ என்று குரல் போகும்போது அந்தக் கைகள் கயிற்றின் மேல் சும்மா கிடந்தன. விட்டுவிடவில்லை. பிடிக்கவும் இல்லை. தூங்குகிற குழந்தையின் மேல் வைத்த கை போல இருந்தன. ஐலசா என்று 'ஐ' வந்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாக இறுகின. எல்லா முதுகுகளும் ஒன்றாகச் சாய்ந்தன. கயிறு ஒரு முழம் வந்தது.

மறுபடியும் கைகள் தளர்ந்தன.

அவள் தன் கையைத் தளர்த்தினாள். சும்மா இருப்பது எரிச்சலைவிடக் கஷ்டமாக இருந்தது. காத்திருந்தாள்.

'ஐ'.

இழுத்தாள். கயிறு அவளோடு வந்தது.

இன்னொரு தடவை. இன்னொரு தடவை. தன் பலத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கடலே பின்னாலிருந்து தள்ளிக்கொடுப்பது போல இருந்தது.

வலை கரைக்கு வருவதற்கு முன்பே அவள் கயிற்றை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற, மீனைப் பாக்காண்டாமா?" என்று கேட்டார் தொபியாஸ்.

"நீங்க பாருங்க."

மீன் அன்றைக்குச் சுமார்தான். பொம்பளை கை பட்டதால் என்று தொபியாஸ் பிறகு சொல்லித் திரிந்தார். கை படாத நேற்றைக்கும் இதே சுமார்தானே என்று மெட்டில்டா கேட்டதும் அவர் வலையை உதறப் போய்விட்டார்.

அவள் நேராக ஐஸ் கம்பெனிக்குப் போனாள். செலஸ்டின் முன்பே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்று, கட்டிய தொண்டையோடு, கத்தாமல் சொன்னாள்.

கை எழுந்தது.

வேறொரு வார்த்தை சொன்னாள். எழுந்தது.

ஐஸ் அள்ளுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை இறங்குவதும் எழுவதுமாக இருந்தது. ஒரு கட்டத்தில் செலஸ்டின் இறக்காமல் தூக்கியபடியே வைத்துக்கொண்டான்.

"கை வலிக்கும், இறக்குங்க தம்பி," என்றாள்.

*

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

காலையில் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைத் துணி கட்டியது போல் மழை நின்றது. மெட்டில்டா பேசுற அறையில் இருந்தாள். ரேடியோவில் ரொசாரியோவின் குரல் வந்தது.

"ஏட்டி, எஞ்சின் நின்னுபோச்சு. என்ன செஞ்சும் கிளம்ப மாட்டேங்கு. வலையும் கடல்ல கிடக்கு."

"எங்க நிக்கிய?"

இடத்தைச் சொன்னான். அவள் திரையைப் பார்த்தாள். அந்த இடத்தை நோக்கி ஓர் அம்பு நேராக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பெயர் எழுதியிருந்தது. ஆல்பா மெரிடா.

"கப்பல் ஒண்ணு வருது."

"தெரியுதா?"

"எனக்குத் தெரியுது. உங்களுக்கு?"

"மழைதான் தெரியுது."

அவள் திரையில் அம்பின் தூரத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றான் ரொசாரியோ. "நீ பேசு."

இதற்குள் செய்தி பரவி அறை வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ரொசாரியோவோடு படகில் இருந்தவர்களின் வீட்டார் அழ ஆரம்பித்தார்கள். மீனவர் சங்கத் தலைவர் லூர்துராஜ் குடையை மடக்காமலேயே உள்ளே நுழைந்தார். அவர் பின்னால் நனைந்தபடி செலஸ்டின்.

"மைக்கை அவன்கிட்ட குடு மெட்டில்டா. கப்பல்ல இருக்குறவன். அவன் பேசட்டும்."

மெட்டில்டா திரும்பிப் பார்த்தாள். மைக்கை நீட்டினாள். அவளுக்கு இதில் வெட்கம் இல்லை. படகு தப்பினால் போதும்.

செலஸ்டின் அறையின் மூலையைப் பார்த்தான். போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்னலே உக்காருத? ஆளு சாகப்போகுது."

"அதுக்குத்தான் உக்காந்தேன் மாமா. என்னைவிட அக்கா நல்லாப் பேசுவாங்க. நீங்களும் உக்காருங்க, சத்தம் போடாம."

கண்ணை மூடிக்கொண்டான். ஒரு கையை மட்டும் முழங்காலின் மேல் வைத்திருந்தான்.

மெட்டில்டா திரும்பி மைக்கை அழுத்தினாள்.

கப்பலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இரைச்சல். பிறகு ஒரு குரல், எந்த நாட்டுக்காரனோ, தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரி. சொல் என்றது.

என்ன சொல்வது? எஞ்சின் செத்துப்போன படகு என்பதற்கு அவள் மனப்பாடம் செய்த வாக்கியங்களில் வழி இல்லை. எப்போதோ ரேடியோவில் காதில் விழுந்த ஒரு சொல் மட்டும் இருந்தது. அதை அவள் வாயால் சொல்லிப் பார்த்ததே இல்லை.

டிஸேபிள்ட்.

அவள் அதை அவிழ்த்தாள். ஏபிள். முடியும். அது நடு மரம். 'டிஸ்' முன்னால் சேர்த்த கட்டை. முடியாமல் ஆக்கிவிட்டது. கடைசியில் ஒரு சின்ன 'ட்', ஆகிவிட்டது என்று சொல்ல. கனம் எங்கே? நடு மரத்தில்.

அவள் கை தளர்ந்தது. காத்தது. 'ஏ'யில் இறுகியது.

"டிஸேபிள்ட் ஃபிஷிங் வெசல், ரைட் அஹெட் ஆஃப் யூ." எஞ்சின் செத்த மீன்பிடிப் படகு, உனக்கு நேர் முன்னால்.

நிறுத்தினாள்.

"டேஞ்சர் ஆஃப் கொலிஷன். ஆல்ட்டர் கோர்ஸ் டு ஸ்டார்போர்ட்." மோதும் அபாயம். வலப்பக்கம் திரும்பு.

ஏலேலோ என்பது போல் சில சொற்கள் போயின. சில சொற்களில் கடல் முழுவதும் இறுகியது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. வாசலில் நின்ற பெண்கள், அவள் யாருடனோ பக்கத்து வீட்டுச் சங்கதி பேசுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

இரைச்சல்.

இரைச்சல் மட்டும்.

லூர்துராஜ் வாயைத் திறந்தார். செலஸ்டின் கண்ணைத் திறக்காமலேயே கையைத் தூக்கி அவரை நிறுத்தினான்.

"ஆல்ட்டரிங் கோர்ஸ் டு ஸ்டார்போர்ட்," என்றது கப்பல். தூக்கக் கலக்கம் போயிருந்தது. "ஆல்ட்டரிங் நவ்."

திரும்புகிறேன், இப்போதே.

அறையில் யாருக்கும் அதற்கு அர்த்தம் கேட்கத் தேவைப்படவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அம்பு அதே திசையில் வந்தது. பெரிய கப்பல் நினைத்தவுடன் திரும்பிவிடாது. மெட்டில்டா மைக்கைப் பிடித்தபடி அந்த அம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுனி நகர்ந்தது. அரிசி மணி அளவு. பிறகு விரல் அளவு.

"வந்துட்டு," என்று ரொசாரியோவின் குரல் கேட்டது. "மழைக்குள்ள இருந்து வருதுட்டி. வீடு வீடா இருக்கு. ஒரு தெருவே வருது."

"எந்தப் பக்கம்?"

பதில் வரவில்லை. காற்றின் சத்தம் கேட்டது. யாரோ கடவுளைக் கூப்பிடுவது கேட்டது. பெரிய தண்ணீர்ச் சத்தம் ஒன்று கேட்டது.

"எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டேன்."

"அந்தப் பக்கம்," என்றான் ரொசாரியோ. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "அந்தப் பக்கமா போகுது. தூரமா போகுது. வலை அப்படியே கிடக்கு. ஏட்டி, ஒரு கண்ணி போகல. அலையடிச்சுப் படகு ஆடுச்சு, அம்புட்டுதான். மேல நின்னு ஒருத்தன் கையைக் காட்டிட்டுப் போறான்."

வாசலில் சத்தம் வெடித்தது. யாரோ கோயில் மணியை அடிக்க ஓடினார்கள். லூர்துராஜ் அறைக்குள் நின்று குடை பிடித்திருப்பதை அப்போதுதான் உணர்ந்து மடக்கினார். எஞ்சின் செத்த படகை இழுத்து வர இரண்டு படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

மெட்டில்டா மைக்கைக் கீழே வைத்தாள்.

ரேடியோ மறுபடியும் கூப்பிட்டது. கப்பல்காரன்தான். இங்கிலீஷில் நன்றி சொன்னான். எச்சரிக்கை மிகத் தெளிவாக இருந்தது என்றான். பேசுவது எந்தத் துறைமுகம், பெயர் என்ன என்று கேட்டான்.

"துறைமுகமா?" லூர்துராஜ் குனிந்து அவள் காதில் சொன்னார்: "ஏதாவது பெரிய ஊரு பேராப் பார்த்துச் சொல்லு. நம்ம ஊரு அவனுக்கு எங்க தெரியப்போகுது."

மெட்டில்டா மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"தாழங்கரை," என்றாள்.

"டலாங்ரி?"

நடுவில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து மற்றதையெல்லாம் விழுங்கியிருந்தான்.

அவள் செலஸ்டினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"நோ சார்," என்றாள் மெட்டில்டா. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து, அதனதன் முழுக் கனத்தோடு சொன்னாள்.

"தா. ழங். க. ரை."

கப்பல் யோசித்தது.

"தா," என்றது. "லங்." சற்று நின்றது. "க. ரை."

'ழ' மட்டும் வரவில்லை. அது தொபியாஸுக்கே வராது.

"கரெக்ட்," என்றாள் மெட்டில்டா.